எவரும் கணக்கெடுக்காத பதுங்குகுழிகள்

2013 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்புப் பகுதியில் காட்டினுள் அமைந்திருந்த விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் இருப்பிடத்தை இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கு முன்னர் தென்னிலங்கையிலிருந்து பஸ்களில் வந்திறங்கிய பயணிகள் அதனுள்ளே படியிறங்கிச் சென்று பார்த்தார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்கடியில் தளம் தளமாகக் கொங்கிறீற்றினால் அமைக்கப்பட்டிருந்த அந்தக் கட்டடம் கொழும்புப் பத்திரிகைகளுக்குப் பல மாதங்கள் செய்தியாயிற்று. தகர்க்கப்பட்டதும் செய்தியாயிற்று. அது இருந்ததையும் இல்லாமற்போனதையும் உலகம் அறியும்.

அதே மாவட்டத்தில், அதே காலப்பகுதியில், மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு சாதாரண குடும்பங்கள் தோண்டிய பதுங்குகுழிகள் எத்தனை? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஓர் ஆவணமேனும் எந்தக் கச்சேரியிலும் இல்லை. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் சிக்குண்டிருந்த மக்கள் 3 இலட்சத்து 30 ஆயிரம் வரையில் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் வெளியான தனது அறிக்கையில் கூறுகின்றது. அவர்களில் அநேகமான குடும்பங்கள் ஒரு குழியுடன் நின்றுவிடவில்லை. கிளிநொச்சியில் ஒன்று, தருமபுரத்தில் ஒன்று, விசுவமடுவில் ஒன்று, உடையார்கட்டில், சுதந்திரபுரத்தில், இரணைப்பாலையில், மாத்தளனில், முள்ளிவாய்க்காலில் என்று இடம்பெயர்ந்த இடமெல்லாம் தோண்டிக்கொண்டே போனார்கள். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இலட்சத்தைத் தாண்டக்கூடிய இந்தக் கட்டுமானங்களைக் கட்டுமானங்கள் என்றே எவரும் கருதவில்லை. குழி என்றுதான் எண்ணினார்கள், மூடிவிட்டுப் போனார்கள்.

அவை கணக்கெடுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. காலங்கடந்த கோரிக்கை என்று சிலர் நினைக்கக்கூடும். ஏன் இன்னும் காலங்கடந்துவிடவில்லை என்பதைச் சொல்வதற்கு முன்னர், அந்தக் குழிகள் எப்படி அமைக்கப்பட்டன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது. ஏனெனில், வன்னிக்கு வெளியே வாழ்ந்தவர்களில் பலர் இன்னமும் பதுங்குகுழி என்றால் நிலத்தில் வெட்டப்பட்ட ஒரு பள்ளம் என்று மாத்திரமே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வடக்கில் 'பங்கர்' என்ற சொல் வீட்டுச் சொல்லாகியது எண்பதுகளின் நடுப்பகுதியிலாகும். குண்டுவீச்சு விமானங்களின் பெயர்களைக் குழந்தைகள் ஒலியைக் கொண்டே சொல்லக் கற்றுக்கொண்ட காலம் அது. யாழ்ப்பாணத்தில் அப்போது குழி தோண்டியவர்கள் சில அடிகளிலேயே சுண்ணாம்புக் கல்லை எதிர்கொண்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த மக்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, மண் வேறாக இருந்தது. தோண்டுவது எளிதாயிற்று. ஆனால் தோண்டியது நிற்கவில்லை, அல்லது உலர்ந்திருக்கவில்லை. வன்னியின் மேட்டுக்காணிச் செம்மண்ணில் வெட்டிய சுவர் தானாக நிற்கும். இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்களை அண்டிய காணிகளில் நான்கடி தோண்டுமுன்னரே நீர் கசியத் தொடங்கிவிடும். கரையோரத்திலோ வெறும் மணல். ஒரு பக்கத்தை வெட்ட மறுபக்கம் சரியும்.

இந்த மூன்று வகை மண்ணுக்கும் மூன்று வகையான கட்டுமானத்தை வன்னி மக்கள் பொறியியலாளர்களின் துணையின்றி உருவாக்கிக்கொண்டார்கள். பொதுவான வடிவம் ஆங்கில 'எல்' எழுத்து. நமது எழுத்தில் 'ட' என்றும் கொள்ளலாம். வாயிலில் விழுந்து வெடிக்கும் எறிகணையின் சிதறல் நேர்கோட்டில் பறக்கும். வளைவைத் தாண்டி வராது. குழியின் அகலம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அகலமான குழிக்கு நீளமான மரக்குற்றி வேண்டும். நீளமான குற்றி பாரந் தாங்காது முறியும். ஆகவே இருவர் எதிரெதிரே முழங்கால் முட்ட அமரக்கூடிய அகலமே போதுமெனக் கொள்ளப்பட்டது. கூரைக்குப் பனங்குற்றி முதல் தெரிவு. அது கிடைக்காதபோது தென்னங்குற்றி. காட்டோரமாயின் பாலையும் முதிரையும். 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி நின்றுபோன பின்னர், வவுனியாவுக்கு வடக்கே பாதையில் கிடந்த தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் இரு தரப்பினரதும் காவலரண்களுக்குப் போயின. சில வீட்டுப் பதுங்குகுழிகளுக்கும் வந்து சேர்ந்தன. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தபோது அதன் கீழிருந்தவை புதிய தண்டவாளங்கள்.

கூரைக் குற்றிகளை எவ்விடத்தில் தாங்க வைப்பது என்பதிலேயே உயிர் தங்கியிருந்தது. குழியின் விளிம்பில் வைத்தால், மேலே கொட்டும் மண்ணின் பாரம் விளிம்பை நொறுக்கிக் கூரையோடு உள்ளே இறக்கிவிடும். இருபுறமும் இரண்டடியாவது நிலத்தின் மேல் நீண்டிருக்க வேண்டும். குற்றிகளின் மேல் தறப்பாள், அதன்மேல் மண், அதன்மேல் மண்மூட்டை. தறப்பாளை ஒரு பக்கமாகச் சரித்து விரிப்பது அனுபவசாலிகளின் வழக்கம். மழைநீர் மண்ணினூடாக இறங்கினாலும் தறப்பாளின் மீது வழிந்து குழிக்கு வெளியே போய்விடும். வாயிலைச் சுற்றி வயல்வரம்பு போன்று ஓர் அணை. உள்ளே தரையை வாயிற்பக்கம் சற்றுத் தாழவிட்டு, அந்த மூலையில் ஒரு சட்டி கொள்ளக்கூடிய சிறு கிடங்கு. கசிந்த நீர் அங்கே வந்து சேரும். அதைச் சிரட்டையாலோ பேணியாலோ அள்ளி ஊற்றுவது அநேகமாக வீட்டுப் பிள்ளைகளின் வேலை. இவ்வளவையும் செய்த பின்னரும் மாரியில் அது உலர்ந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் வடக்கைத் தாக்கியபோது, ஏற்கனவே இடம்பெயர்ந்து தறப்பாள்களின் கீழிருந்த மக்களின் குழிகள் நிரம்பி வழிந்தன. வானத்தில் கிபிர், குழியில் நீர். மழைக்கு ஒதுங்கிய பாம்பும் பூரானும் அதே குழியைத்தான் நாடின. எறிகணைக்குப் பயந்து இறங்குவதா, பாம்புக்குப் பயந்து வெளியே நிற்பதா என்பதை ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

காற்று இரண்டாவது பிரச்சினை. எட்டுப் பேர் நெருக்கியடித்து அமரும் மூடிய குழியில் அரை மணித்தியாலத்தில் மூச்சு முட்டும். குப்பி விளக்கை ஏற்றினால் இன்னும் விரைவில் முட்டும்; அதுவும் தன் பங்குக்குக் காற்றைத் தின்று புகையைக் கக்கும். ஆகவேதான் இரண்டு வாயில்கள். ஒன்று தாழ்வாகவும் மற்றையது சற்று உயர்வாகவும் இருந்தால், உள்ளே மனித உடல்களால் சூடேறிய காற்று மேல்வாயிலால் எழுந்து வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வாயிலால் உள்ளே இழுபடும். இதை அறிந்து செய்தவர்களும் உண்டு. ஒரு வாயில் மூடுண்டால் மறுவாயிலால் தப்புவதற்கென்று செய்தவர்களுக்குக் காற்று தானாகவே கிடைத்ததும் உண்டு. குழாய்த் துண்டு கிடைத்தவர்கள் அதைக் கூரையினூடாகச் செருகினார்கள். ஆனால் திறப்பு ஒவ்வொன்றும் சிதறல் நுழைவதற்கான வழியுமாகும். காற்றையும் பாதுகாப்பையும் ஒருசேரப் பெறுவதற்குச் சீமெந்தும் கம்பியும் வேண்டும். இந்த இடத்தில்தான் விடயம் அரசியலாகின்றது.

சீமெந்து, இரும்பு, எரிபொருள், பற்றரி ஆகியவை 1990 இன் பின்னர் வவுனியாவைத் தாண்டி வடக்கே செல்லாதவாறு பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2002 இல் போர்நிறுத்தத்துடன் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது சீமெந்து வந்தது. வீடுகள் எழுந்தன, பாடசாலைகள் எழுந்தன, கடைகள் எழுந்தன. அந்தக் கட்டடங்களில் எத்தனைக்கு நிலவறை இருந்தது? அன்று அவ்வாறு கேட்பதே சமாதானத்துக்கு விரோதமான பேச்சாகக் கருதப்பட்டிருக்கும். 2006 ஓகஸ்ட் 11 அன்று ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. மூன்று நாட்கள் கழித்து, ஓகஸ்ட் 14 காலையில், வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானங்கள் குண்டு வீசின. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் வன்னி எங்கும் மீண்டும் மண்வெட்டிச் சத்தம்.

போர் நடத்தும் அரசுகள் தமது குடிமக்களுக்குத் தங்குமிடம் அமைத்துக் கொடுப்பது உலகில் புதுமையான விடயமன்று. 1939 இல் போர் தொடங்குவதற்கு முன்னரேயே பிரித்தானிய அரசாங்கம் 'அண்டர்சன்' எனும் நெளிதகட்டுத் தங்குமிடத்தை 15 இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு விநியோகித்து முடித்திருந்தது. ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தவர்களுக்கு அது இலவசம். நான்கடி ஆழத்தில் புதைத்து, மேலே பதினைந்து அங்குல மண் போட வேண்டும். ஆறு பேர் அமரலாம். அதற்கெதிராக ஆங்கிலேயர் சொன்ன குறை என்ன தெரியுமா? ஈரம். மழைக்கு நீர் நிறைகிறது, குளிர்கிறது, இரவில் உறங்க முடியவில்லை என்றார்கள். அரசாங்கம் அதைக் காதில் வாங்கியது. 1941 இல் வீட்டுக்குள்ளேயே வைக்கக்கூடிய 'மொரிசன்' இரும்புக் கூண்டை அறிமுகப்படுத்தியது. குண்டு வீசியது ஜெர்மனி. கூண்டு கொடுத்தது தன்னரசு. வன்னியில் குண்டு வீசியதும் சீமெந்தைத் தடுத்ததும் ஒரே அரசு.

சுவிற்சர்லாந்தில் 1963 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வீடுகளின் கீழ்த்தளத்தில் பாதுகாப்பறை அமைப்பதைக் கட்டாயமாக்கியது. தடித்த கொங்கிறீற்றுக் கதவும் காற்று வடிகட்டும் கருவியும் கொண்ட அந்த அறைகள் நாட்டின் முழுச் சனத்தொகைக்கும் போதுமானவை. அங்கு வாழும் நம்மவர்கள் அந்த அறைகளில் அரிசி மூட்டையும் பழைய தளபாடமும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுக்கு மேலாக எந்த யுத்தத்தையும் காணாத ஒரு நாட்டில், உலர்ந்த, காற்றோட்டமுள்ள, விளக்கெரியும் பதுங்குகுழிக்குச் சொந்தக்காரராயிருப்பவர்களின் உடன்பிறந்தோர் முள்ளிவாய்க்காலில் சேலையில் மண்ணள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சேலை மூட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது. 2009 பெப்ரவரி 12 அன்று அரசாங்கம் புதிய 'பாதுகாப்பு வலயத்தை' அறிவித்தது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே, புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையிலான சுமார் 14 சதுர கிலோ மீற்றர் மணற்றிடல். இலட்சக்கணக்கானோர் அதனுள் நெருக்கப்பட்டார்கள். நிலத்துக்குக் கீழ் தங்குவதற்கு அதைவிடப் பொருத்தமற்ற நிலம் வன்னியில் இல்லை எனலாம். மூன்று நான்கடியில் தண்ணீர். அதற்கு முன்னரே மணல் சரியும். மரக்குற்றி இல்லை, இருந்தவை முந்தைய இடங்களில் மண்ணுக்கடியில் விடப்பட்டிருந்தன. உரப்பையும் நிவாரண அரிசிப் பையும் முடிந்தபோது, பெண்கள் தமது சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். கூறைச்சேலையும் அதிலடங்கும். பாதியாழம் தோண்டி, மீதியை நிலத்துக்கு மேல் மண்மூட்டைச் சுவராக எழுப்பினார்கள். பட்டுச்சேலை மூட்டை பருத்தியை விட உறுதியாக நின்றது என்று பிற்காலத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு மூன்றடி மண் எறிகணைச் சிதறலைத் தடுக்கும். நேரே விழுவதைத் தடுக்காது. கிபிர் வீசும் குண்டுக்கு முன் அது ஒன்றுமேயில்லை. மணற்குழியின் இன்னோர் ஆபத்து, குண்டு அருகே விழுந்தாலே போதும். அதிர்வில் சுவர் சரிந்து உள்ளிருப்போரை மூடிவிடும். இதை அறிந்திருந்தும் இறங்கினார்கள், வெளியே நிற்பது அதைவிட ஆபத்து என்பதால்.

வியட்நாமில் வின் மொக் என்ற கரையோரக் கிராமம் இருக்கின்றது. அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு அஞ்சி அக்கிராமத்தவர்கள் 1966 முதல் நிலத்துக்கடியில் சுரங்கங்களை வெட்டினார்கள். கடலை நோக்கிச் சரியும் குன்றில் வெட்டப்பட்டதால் நீர் தானாக வடிந்தது. குன்றின் பக்கமும் கடலின் பக்கமும் வாயில்கள் இருந்ததால் கடற்காற்று ஊடறுத்துச் சென்றது. கிணறும் மகப்பேற்று அறையும் உள்ளேயே இருந்தன. பதினேழு குழந்தைகள் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். அதை இன்று உலகத்தவர் சென்று பார்க்கிறார்கள். நமது மக்களால் ஏன் அப்படிச் செய்ய முடியவில்லை என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வி கேட்பவர்கள் இரண்டு விடயங்களை மறந்துவிடுகிறார்கள். வின் மொக்கின் மண் இறுகிய செங்களிமண். நமக்குக் கிடைத்தது கடற்கரை மணல். வின் மொக் மக்கள் ஆறாண்டுகள் ஓரிடத்தில் இருந்தார்கள்; நமது மக்களுக்கு ஓரிடத்தில் ஆறு வாரம் கிடைப்பதே அரிதாக இருந்தது.

இனி, நம் பக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வீட்டுக்கு வீடு பதுங்குகுழி அமைக்குமாறு விடுதலைப் புலிகள் மக்களை அறிவுறுத்தியது உண்மை. பாடசாலைகளில் மாணவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பல உயிர்களை அது காத்தது. ஆனால் ஓர் ஆட்சியாகத் தம்மைக் காட்டிக்கொண்டவர்கள், வரி அறவிட்டவர்கள், நீதிமன்றமும் காவல்துறையும் வங்கியும் நடத்தியவர்கள், போர்நிறுத்த காலத்தில் தடையின்றி வந்த சீமெந்தைக் கொண்டு மக்களுக்கெனக் கட்டிய பொதுப் பதுங்குமிடங்கள் எவை? தலைமைக்கு உலர்ந்த, காற்றோட்டமுள்ள கொங்கிறீற்றுத் தளங்கள் இருந்தன என்பதைப் பின்னாளில் உல்லாசப் பயணிகள் பார்த்தார்கள். மக்களுக்கு அறிவுரை இருந்தது. இதற்கும் மேலாக, போர்முன்னரங்குகளில் பதுங்குகுழி வெட்டுவதற்குப் பொதுமக்கள் கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டதையும், இறுதி மாதங்களில் வெளியேற முயன்றவர்கள் தடுக்கப்பட்டதையும் சுடப்பட்டதையும் மறைத்துவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் அந்த மக்களுக்கு நியாயம் செய்யாது. 2023 ஒக்டோபரில், காஸாவின் சுரங்கங்கள் எதற்காக என்று கேட்கப்பட்டபோது, ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான மூசா அபு மர்சூக், அவை போராளிகளைப் பாதுகாப்பதற்கானவை என்றும் மக்களைப் பாதுகாப்பது ஐ.நா.வின் பொறுப்பு என்றும் கூறினார். அதை வாசித்தபோது எனக்கு வன்னியே நினைவுக்கு வந்தது.

ஐ.நா.வின் பொறுப்பு எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதையும் நாம் அறிவோம். 2008 செப்ரெம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. அலுவலகங்கள் வெளியேறின, போகவேண்டாம் என்று வாயிலில் நின்று மன்றாடியவர்களை விட்டுத்தான் சென்றன. 2009 ஜனவரியில், உணவுத் தொடரணியுடன் சென்று திரும்ப முடியாமற்போன சில ஐ.நா. பணியாளர்கள் சுதந்திரபுரத்தில், அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்தினுள் தங்கினார்கள். தாம் தங்கியிருந்த இடத்தின் அமைவிடத்தை இராணுவத்துக்கு அறிவித்திருந்தார்கள். தமக்கென ஒரு பதுங்குகுழியும் அமைத்திருந்தார்கள். ஜனவரி 24 அதிகாலையில் எறிகணைகள் மழையாகப் பொழிந்தபோது, அந்தக் குழியை அடைய முடிந்தவர்கள் அதனுள் பாய்ந்தார்கள். சுற்றிலுமிருந்த மக்களில் பெரும்பாலானோருக்கு ஒதுங்குவதற்குக் குழியே இருக்கவில்லை. ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையில் இவ்விடயம் பதிவாகியுள்ளது. வந்து சில நாட்களேயான மக்கள் அவர்கள். குழி வெட்டி முடிப்பதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. வன்னியின் பதுங்குகுழியைப் பற்றி உலக நிறுவனமொன்றின் ஆவணத்தில் இருக்கும் மிகத் தெளிவான பதிவு, அது இல்லாதிருந்ததைப் பற்றியது.

நான் தொடக்கத்தில் கூறிய கோரிக்கைக்கு வருகிறேன். கணக்கெடுக்க வேண்டும் என்பதற்கு முதன்மையான காரணம் நினைவுச் சின்னம் எழுப்புவதல்ல. அந்தக் குழிகளில் பல இன்று புதைகுழிகள். குண்டு விழுந்து குழிக்குள்ளேயே இறந்தவர்களை வெளியே எடுத்து அடக்கம் செய்ய நேரமில்லாத நாட்களில், உயிர்தப்பியவர்கள் அதே குழியை மண்ணால் மூடிவிட்டு ஓடினார்கள். கால் நடந்த திசையில் போனவர்களுக்கு அந்த இடம் எங்கே என்று ஓரளவுக்கேனும் தெரியும்: இன்ன கோயிலிலிருந்து இவ்வளவு தூரம், இன்ன பனைக்குப் பக்கத்தில். அந்தப் பனை இன்று இல்லை. காணாமற்போனோரைத் தேடி வருடக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரிற் சிலர் தேடும் பிள்ளை, வேறொரு குடும்பம் மூடிவிட்டுப் போன குழியில் இருக்கக்கூடும். இந்தக் கசப்பான சாத்தியத்தைச் சொல்வதால், கையளிக்கப்பட்டுக் காணாமலாக்கப்பட்டவர்கள் பற்றிய கேள்வி மறைந்துவிடாது. அதற்கு அரசு தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் மண்ணுக்குள் இருப்பவர்களை மண்ணுக்குள் அடையாளம் காண்பது இரண்டு கேள்விகளையும் பிரித்தறிய உதவும். 2023 ஜூன் மாதத்தில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியபோதே அங்கிருந்த புதைகுழி வெளிப்பட்டது. தேடிக் கண்டுபிடித்தது யாருமில்லை, குழாய் கண்டுபிடித்தது.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு 2016 ஆம் ஆண்டின் சட்டம் போதிய அதிகாரத்தை அளித்திருக்கின்றது. அந்த அலுவலகத்தின் மீது தாய்மாருக்கு நம்பிக்கை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவநம்பிக்கைக்குக் காரணங்கள் போதியளவு உண்டு. காணிச் சொந்தக்காரர்களின் அச்சம் வேறு. தன் வளவில் மூடிய பங்கர் ஒன்று இருக்கிறது, அதனுள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் நாளைக்குப் பொலிஸார் வந்து காணியை நாடா கட்டி மறிப்பார்கள், நீதிமன்றம் செல்ல வேண்டும், புலனாய்வாளர்கள் வருவார்கள். மீள்குடியேறி, கடன்பட்டு வீடு கட்டி, கத்தரியும் மிளகாயும் நட்டிருக்கும் ஒருவர் ஏன் வாய் திறக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தராமல் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசுவது வெறும் மேடைப் பேச்சு.

ஆகவே முதல் வேலையை அரசிடம் கொடுக்கலாகாது என்பது என் கருத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. போரின் கடைசி ஆண்டில் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் அங்கே படிக்கிறார்கள். அவர்கள் கட்டுமானப் பொறியியல் கற்கும்போது, பாலமும் அணையும் வரைவது போல, தமது அம்மம்மா தோண்டிய பங்கரையும் வரையட்டும். அகலம் எவ்வளவு, குற்றி எத்தனை, மண் எத்தனையடி, வாயில் எத்திசையில், நீர் எங்கே வடிந்தது, காற்று எங்கே புகுந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை நாள். இது கட்டடத்தைப் பற்றிய கேள்வி; ஆகவே மக்கள் அச்சமின்றிப் பேசுவார்கள். பேசத் தொடங்கினால் மற்றையதும் வரும். அவ்வாறு வரும் தகவலை, இடமும் பெயரும் வெளிவராதபடி, மதத் தலைவர்களும் சட்டத்தரணிகளும் அடங்கிய ஒரு சிறு குழுவின் பொறுப்பில் வைத்திருக்கலாம். தகுந்த காலத்தில், குடும்பங்களின் சம்மதத்துடன் மாத்திரம், நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம்.

முள்ளிவாய்க்கால் கஞ்சி இன்று ஒவ்வொரு மே மாதமும் தமிழர் வாழும் ஊரெங்கும் காய்ச்சப்படுகின்றது. உப்பும் அரிசியும் நீரும் கலந்த அந்தக் கஞ்சி அக்காலத்தின் பசியை அடுத்த தலைமுறைக்குச் சொல்கின்றது. கஞ்சியைக் குடித்துவிட்டு அவர்கள் இறங்கிய குழியைச் சொல்வதற்கு அப்படி ஒன்றும் இல்லை. முள்ளிவாய்க்கால் நினைவுத் திடலிலோ, கரைதுறைப்பற்று அல்லது புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக் காணியிலோ, அக்காலத்தில் கட்டிய கைகளைக் கொண்டே ஒன்றைக் கட்டி வைக்கலாம். சேலை மூட்டைச் சுவருடன், தறப்பாள் கூரையுடன். மாரியில் அதற்குள் நீர் ஏறட்டும்; கொங்கிறீற்றுப் பூசி உலர்த்திவிடக் கூடாது. பார்க்க வரும் பிள்ளைகள் எட்டுப் பேராக இறங்கிப் பத்து நிமிடம் அமரட்டும்.

ஆனால் அதற்கு முன்னர் அளவெடுப்பு. வன்னியில் இவ்வேலைக்கு ஏற்ற பருவம் மாரி ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களாகும். மூடப்பட்ட பழைய குழியின் மண் ஒவ்வொரு மழைக்கும் சற்று அமிழும். மழை விட்ட பின் பார்த்தால் அந்த இடம் அரையடி தாழ்ந்து, சுற்றியுள்ளதைவிடப் புல் பச்சையாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். காலபோக அறுவடையும் அப்போது முடிந்திருக்கும். வீடுகளில் பெரியவர்கள் இருப்பார்கள்.